வீடு போய்ச் சேர்ந்தவன்

2007ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், அலுவல் ஒன்றுக்காகக் கொழும்பு போயிருந்தபோது, மருதானையில் டீ.ஆர். விஜேவர்தன மாவத்தையோரம் இருக்கும் பழைய புத்தகக் கடைகளில் ஒன்றில் 'த போர்ன் லெகசி' என்ற ஆங்கில நாவலை வாங்கினேன். அட்டையில் உளவு நாவல்கள் எழுதிய அமெரிக்கர் ரொபர்ட் லட்லத்தின் பெயர், தெருவில் நின்றபடியே வாசிக்கக்கூடிய அளவுக்குப் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது. கடைக்காரர் சொன்ன விலையை அப்படியே கொடுத்தேன். லட்லத்தின் கதாநாயகன் ஜேசன் போர்னைப் பற்றி மூன்று நாவல்கள்தான் உண்டு என்று நம்பியிருந்தவனுக்கு நான்காவது ஒன்று கையில் அகப்படும்போது பேரம் பேச நா எழாது. அன்றிரவு திருகோணமலை பஸ் ஹபரணையில் தேநீருக்காக நின்றபோதுதான், கடையின் குழல்விளக்கு வெளிச்சத்தில் அட்டையை ஆறுதலாகப் பார்த்தேன். லட்லத்தின் பெயரைவிடச் சிறிய எழுத்தில் எரிக் வான் லஸ்ட்பேடர் என்று இன்னொரு பெயர் இருந்தது. லட்லம் 2001 மார்ச்சிலேயே காலமாகிவிட்டார் என்பதும், நான் கையில் வைத்திருந்த நூல் 2004இல் வேறொருவர் எழுதி வெளிவந்தது என்பதும் எனக்கு அதன் பின்னர்தான் தெரியவந்தன.

அட்டையில் ஏமாந்தது சிறிய விடயம்; அதற்காக இத்தனை ஆண்டுகள் கழித்து ஒரு கட்டுரை எழுத வேண்டியதில்லை. உள்ளே நடந்திருந்ததுதான் இன்றுவரை ஆறாமல் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முதல் மூன்று நூல்களும் என்னிடம் வந்த விதத்தையும் சொல்ல வேண்டும்.

என் தாய்மாமா நிலாவெளிக் கடற்கரையிலிருந்த ஒரு ஹொட்டேலில் வேலை பார்த்தார். 2002இல் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தான பிறகு வெளிநாட்டவர் மறுபடி அந்தப் பக்கம் வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் படித்து முடித்த தடித்த நாவல்களைப் பயணப்பையில் சுமந்து திரும்ப விரும்பாமல் அறையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். அவற்றை மாமா சேர்த்து, மாதம் ஒருமுறை ஒரு சீலைப் பையில் போட்டு, ஏகாம்பரம் வீதிக்குப் பின்புறமிருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார். நான் அப்போது ஆங்கிலம் கற்பிக்கும் இளம் ஆசிரியன். மருமகனுடைய ஆங்கிலத்துக்கு இவை உதவும் என்பது அவருடைய எண்ணம். புத்தகத்தைத் திறந்தால் முதுகுத் தையலிலிருந்து மணல் கொட்டும். சிலவற்றில் சூரியத் தைலத்தின் வாசனையும் இருக்கும். போர்ன் நாவல்கள் மூன்றும் அப்படி வந்தவைதான், அதுவும் ஒழுங்கு மாறி வந்தவை. இரண்டாவது முதலிலும், மூன்றாவது அடுத்தும், முதலாவது கடைசியிலுமாக வந்து சேர்ந்தன. மூன்றும் சேரும்வரை மாமா எதையும் வாசிக்கவில்லை; நான் பொறுக்கமாட்டாமல் வந்த ஒழுங்கிலேயே வாசித்தேன். 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தபோது மாமா வீட்டிலிருந்தார், புத்தகங்கள் எங்களிடம் இருந்தன. அந்த வகையில் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

லட்லம் பெரிய நடையழகர் என்று நான் சொல்லமாட்டேன். ஆச்சரியக்குறிகளைச் சமையலில் உப்புப் போடுவதுபோலப் போடுவார். முக்கியமான வசனம் வந்துவிட்டால் அதைச் சாய்வெழுத்தில் அச்சிட்டே ஆகவேண்டும் அவருக்கு. இருந்தும், முதல் நாவலின் தொடக்கத்தைத் திருகோணமலையில் இருந்துகொண்டு வாசிப்பது வேறு ஓர் அனுபவம். மத்தியதரைக் கடலில் குண்டடிபட்டு மிதக்கும் ஒருவனை மீனவர்கள் தூக்கிப் படகில் போடுகிறார்கள். ஒரு தீவில் குடிகார ஆங்கிலேய மருத்துவர் ஒருவர் அவனைத் தேற்றுகிறார். தன் பெயர் என்னவென்று அவனுக்குத் தெரியாது. இடுப்புத் தோலுக்கடியில் ஒரு நுண்படச் சுருள் இருக்கிறது, அதில் சூரிச் நகர வங்கிக் கணக்கு ஒன்றின் இலக்கம் இருக்கிறது. அவ்வளவுதான் அவனுடைய கடந்தகாலம். அடையாள அட்டையைச் சட்டைப்பையில் தொட்டுப் பார்க்காமல் படலையைத் தாண்டாத ஒரு தலைமுறையைச் சேர்ந்தவன் நான். சோதனைச்சாவடியில் பஸ்ஸை விட்டிறங்கி, அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி வரிசையில் நடந்து, மறுபுறத்தில் ஏறிக்கொள்வது எங்களுக்கு மூச்சுவிடுவதுபோலப் பழகிய காரியம். அட்டையைத் தொலைத்தவன் ஆளையே தொலைத்தவன். ஆகவே, ஒரு பெயர் கிடைத்தும் அதுதான் தானா என்று அறியாமல் தடுமாறும் ஒருவனின் கதையை, கடற்கரை நாற்காலியில் படுத்தபடி வாசித்துவிட்டு எழுந்துபோன அந்த வெள்ளைக்காரர் எப்படி வாசித்தாரோ, நாங்கள் அப்படி வாசிக்கவில்லை.

மூன்று நாவல்களும் 1980, 1986, 1990 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தவை. கதையின் முடிச்சு இதுதான்: ஜேசன் போர்ன் என்ற கொலையாளி உண்மையில் இல்லை. வியட்நாம் போர்க்காலத்தில் டேவிட் வெப் என்ற அமெரிக்கரின் மனைவியும் பிள்ளைகளும் புனோம் பென் நகரில் விமானத் தாக்குதலில் கொல்லப்படுகிறார்கள். அதன் பின் எதையும் செய்யத் துணிந்துவிட்ட அவரை எடுத்து, கார்லோஸ் என்ற பயங்கரவாதியை மறைவிடத்திலிருந்து வெளியே இழுக்கும் தூண்டில் இரையாக, ஒரு போலிக் கொலையாளியாக உருவாக்குகிறது அமெரிக்க உளவுத்துறையின் ஓர் இரகசியப் பிரிவு. இரை தன்னை இரையென்றே மறந்துபோனால் என்ன நடக்கும் என்பதுதான் முதல் நாவல்.

இந்த மனிதனை மறுபடி மனிதனாக்குகிறவள் மரீ. கனடாவைச் சேர்ந்த பொருளியலாளர். சூரிச்சில் அவன் அவளைப் பணயமாகப் பிடித்துக்கொண்டு ஓடுகிறான். தப்பிப் போகக்கூடிய நிலை வந்தபின், அவள் தானாகவே அவனுடன் நிற்கிறாள். துப்பாக்கி அவனிடம் இருக்கிறது, கணக்கு வழக்கும் நிதானமும் அவளிடம் இருக்கின்றன. நீ கொலைகாரனாக இருக்க முடியாது என்று, சான்றுகள் எல்லாம் எதிராக நிற்கும்போதும், அவள் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அவனுடைய பழைய நண்பர் அலெக்ஸ் கொங்க்ளின், முதல் நூலில் அவனைக் கொல்ல முயன்றவர், பின்னர் அந்தக் குற்றவுணர்விலேயே அவனுக்குக் காவலாக நிற்கிறவர். மனநல மருத்துவர் மோரிஸ் பனோவ் அவனுடைய நினைவின் துண்டுகளைப் பொறுக்கிக் கொடுக்கிறவர். மனைவி, குற்றவுணர்வுள்ள நண்பர், மருத்துவர் என்ற இந்த மூவரும் இல்லாவிட்டால் போர்ன் வெறும் ஓடுகிற கால்களும் சுடுகிற கைகளும்தான்.

மூன்றாவது நாவலை நான் இன்றைக்கும் அவ்வப்போது எடுத்து வாசிப்பதுண்டு. அதில் டேவிட் வெப்புக்கு ஐம்பது வயது. பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிறார். மரீயோடு குடும்பம் நடத்துகிறார். இரண்டு சின்னப் பிள்ளைகள். கார்லோஸும் கிழவனாகிவிட்டான், சாவதற்கு முன் போர்னைத் தீர்த்துவிட வேண்டும் என்ற வெறி மட்டும் அவனிடம் மிஞ்சியிருக்கிறது. பாரிஸில் அவனுக்காகச் சாகத் துணிந்த கிழவர் படை ஒன்றும் இருக்கிறது. மதில் ஏறும்போது வெப்புக்கு மூச்சு வாங்குகிறது. முன்னர் யோசிக்காமலே செய்தவற்றை இப்போது யோசித்துச் செய்யவேண்டியிருக்கிறது. உளவுக் கதைகளில் நாயகனுக்கு முழங்கால் வலிப்பதை நான் அதற்கு முன் வாசித்ததில்லை. கடைசியில் சோவியத் ஒன்றியத்துக்குள் இருக்கும் ஓர் உளவாளிப் பயிற்சி வளாகத்தில் கார்லோஸ் சாகிறான். வெப், மொன்செராட் தீவுக்கு அருகே மரீயின் சகோதரன் நடத்தும் விடுதிக்கு, குடும்பத்திடம் திரும்புகிறார். அடுத்த ஆண்டே சோவியத் ஒன்றியம் இல்லாமற் போயிற்று. நிஜமான கார்லோஸ் 1994 ஓகஸ்டில் சூடானில் பிடிபட்டு, பிரான்சில் ஆயுள் தண்டனை பெற்றுச் சிறையில் இருக்கிறான். கார்லோஸைப் பிடிப்பதற்கென்றே புனையப்பட்ட பெயர் ஜேசன் போர்ன். கார்லோஸ் போய்விட்டால் அந்தப் பெயருக்கு வேலையில்லை. நாவலுக்கு உள்ளேயும் வெளியேயும் கதை முடிந்துவிட்டது.

ஹபரணையில் தேநீர் ஆறிக்கொண்டிருக்க நான் கையில் வைத்திருந்த நான்காவது நூல், இந்த இடத்திலிருந்துதான் தொடங்கவேண்டியிருந்தது. எப்படித் தொடங்கியிருப்பார் என்று பஸ்ஸில் இருட்டுக்குள் இருந்தபடி யோசித்துக்கொண்டே வந்தேன். கந்தளாய்ச் சோதனைச்சாவடியில் இறக்கியபோதும் அதே யோசனைதான்.

வீட்டுக்கு வந்து வாசித்தபோது, அலெக்ஸ் கொங்க்ளினும் மோரிஸ் பனோவும் கதையின் தொடக்கத்திலேயே கொல்லப்பட்டிருந்தார்கள். பழி போர்ன்மீது விழுகிறது. மரீயும் பிள்ளைகளும் பாதுகாப்பான ஓர் இடத்துக்கு அனுப்பப்படுகிறார்கள், அதாவது கதையிலிருந்து வெளியேற்றப்படுகிறார்கள். இருபத்துநான்கு ஆண்டுக் கதையின் இரண்டு தூண்களைச் சாய்க்கச் சில பக்கங்கள் போதுமாக இருந்தன. அதோடு நிற்கவில்லை. புனோம் பென்னில் இறந்துபோன மகன், உண்மையில் இறக்கவில்லை; வளர்ந்து, கூலிக்குக் கொலை செய்கிறவனாகித் தகப்பனைத் தேடி வருகிறான். தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த எனக்குத் தொலைந்த பிள்ளை திரும்பி வருவது ஒன்றும் புதிதில்லை, அதைப் பார்த்துக் கண்கலங்கியும் இருக்கிறேன். ஆனால் இந்தக் கதையில் அந்தப் பிள்ளையின் மரணம்தான் எல்லாவற்றுக்கும் அத்திவாரம். டேவிட் வெப் போர்ன் ஆனதே அந்த இழப்பால்தான். அத்திவாரத்துக் கல்லைப் பிடுங்கி மேல்மாடிக்கு அலங்காரம் செய்ததுபோல இருந்தது.

லஸ்ட்பேடரைத் திறமையில்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. 1980இல், அதாவது முதல் போர்ன் நாவல் வந்த அதே ஆண்டில், 'த நிஞ்சா' என்ற நாவலால் பெயர் பெற்றவர். கைகலப்பை எழுதும்போது எந்தக் கால் எங்கே நிற்கிறது என்பது வாசகனுக்குத் தெளிவாகத் தெரியும். லட்லத்தின் சண்டைகளில் பல சமயம் யார் யாரை அடித்தார் என்பதே விளங்காது. லெகசியை நான் இரண்டு இரவுகளில் வாசித்து முடித்தேன் என்பதையும் மறைக்கக் கூடாது. அலுக்காமல் வாசித்துவிட்டு, முடிவில் ஒருவித வெறுமையோடு மூடிவைத்தேன். பசித்தவனுக்குச் சோறு போட்டார்கள், ஆனால் அது எங்கள் வீட்டுச் சோறில்லை என்ற மாதிரியான ஒரு குறை.

அடுத்த நூல் 'த போர்ன் பிட்ரேயல்', 2007இல் வந்தது. 2009இல் கொழும்பிலிருந்து ஒரு நண்பர் மூலம் எனக்குக் கிடைத்தது. அதைத் திறந்தால் மரீ இல்லை. இரண்டு நூல்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் அவள் இறந்துவிட்டாளாம். நாங்கள் பார்க்க அவள் சாகவில்லை. அவளுக்கு ஒரு கடைசி வசனம் இல்லை. சண்டையில் விழுந்தாள் என்றோ, ஒருவனைக் காப்பாற்றப் போய் மாண்டாள் என்றோகூட இல்லை. வெளிநாட்டிலிருந்து நெடுநாளாகக் கடிதம் போடாத உறவினரைப் பற்றி விசாரித்தால், அவர் போய் ஒரு வருசமாகிறதே, உங்களுக்குச் சொல்லவில்லையா என்று கேட்பார்கள் அல்லவா, அப்படி ஒரு செய்தி. போர் முடிந்திருந்த அந்த ஆண்டில், யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்ற செய்திகளை நாங்கள் ஒவ்வொரு வீட்டிலும் துண்டு துண்டாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் ஒரு கற்பனைப் பாத்திரத்துக்காகக் கோபப்படுவது எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் கோபம் வந்தது.

இத்தனைக்கும் திரைப்படக்காரர்கள் இதை முன்பே செய்திருந்தார்கள். 2004இல் வந்த இரண்டாவது படத்தில், கோவாவில் காரோட்டிக்கொண்டிருக்கும்போது மரீ சுடப்பட்டு, கார் பாலத்திலிருந்து ஆற்றில் விழுகிறது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அங்கே குறைந்தபட்சம் அந்த இழப்பு படம் முழுவதையும் இழுத்துச் செல்கிறது. தண்ணீருக்கடியில் அவளுடைய கையைவிட்டுப் பிரிகிற அந்தக் காட்சிக்கு ஒரு மரியாதை இருக்கிறது. மேலும் படங்கள் நாவல்களிலிருந்து பெயர்களையும் நினைவிழப்பையும் எடுத்துக்கொண்டு, கார்லோஸையே தூக்கிவிட்டு, வேறொரு கதையைத்தான் சொன்னவை. நாவல் வரிசையோ லட்லத்தின் அதே டேவிட் வெப்தான் இவர் என்று சொல்லிக்கொண்டு தொடர்ந்தது.

அப்படியானால் கணக்குப் பார்ப்போம். 1990இல் ஐம்பது வயது என்றால் 2004இல் அறுபத்துநான்கு. லஸ்ட்பேடர் 2017வரை பதினொரு நூல்கள் எழுதினார், லட்லம் எழுதியதைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு. கடைசி நூலில் டேவிட் வெப்புக்கு எழுபத்தேழு வயது இருக்க வேண்டும். ஆனால் தொடர் முன்னே போகப் போக அவர் இளமையாகிக்கொண்டே போகிறார். மதில்கள் தடையில்லை. காயங்கள் அடுத்த அத்தியாயத்தில் ஆறிவிடுகின்றன. நினைவிழப்பு என்பது முன்பு அவனை நடுங்கவைத்த ஒன்று. இப்போது கதைக்கு ஒரு புதிய எதிரியோ பழைய காதலியோ தேவைப்படும்போது திறந்துகொள்ளும் இழுப்பறை. உளவுத்துறைக்குள்ளே புதுப்புது அமைப்புகள், புதுப்புதுத் துரோகிகள். நான் ஐந்தாறு நூல்களோடு நிறுத்திக்கொண்டேன். 2020இலிருந்து பிரையன் ஃப்றீமன் என்ற மூன்றாவது ஒருவர், அந்தக் கணக்குகளை ஒதுக்கிவிட்டு இளமையான போர்னோடு புதிதாக எழுதிவருகிறார். அது ஒருவகையில் நேர்மையான வழி என்று நினைக்கிறேன்.

இறந்தவரின் பாத்திரத்தை இன்னொருவர் எடுத்து எழுதுவதே பிழை என்று நான் வாதாட வரவில்லை. ஜேம்ஸ் பொண்டை எடுத்துக்கொள்வோம். இயன் ஃபிளெமிங் 1964இல் காலமானார். நான்கு ஆண்டுகளில் கிங்ஸ்லி ஏமிஸ் வேறொரு புனைபெயரில் ஒரு பொண்ட் நாவலை எழுதிவிட்டார். 1981இலிருந்து ஜோன் கார்ட்னர், 1997இலிருந்து ரேமண்ட் பென்சன், பிறகு செபஸ்தியன் ஃபோக்ஸ், ஜெஃப்ரி டீவர், வில்லியம் பொயிட், அன்ரனி ஹொரோவிட்ஸ் என்று வரிசை நீள்கிறது. கார்ட்னர் பொண்டுக்கு ஒரு சாப் கார் கொடுத்தபோது முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். அதற்குமேல் என்ன நேர்ந்துவிட்டது? பொண்ட் ஒரு பதவி, ஒரு சட்டை. மனைவி கலியாணமான அன்றே செத்துப்போகிறாள், அடுத்த நூலோடு அந்தத் துக்கமும் ஒருவாறு கடந்துபோகிறது. எங்கும் போய்ச் சேரவேண்டிய தேவை இல்லாத ஆள் அவர். ஆகவே யார் வேண்டுமானாலும் அவரை அடுத்த ஊருக்கு அனுப்பலாம். போர்னின் கதையோ ஒருவன் நிறுத்துவதற்காகப் படும் பாட்டின் கதை. அவனைத் தொடரவேண்டுமானால் முதலில் அவன் நிறுத்திவைத்ததைக் கலைத்தாக வேண்டும். மனைவி இருந்தால் அவன் வீட்டைவிட்டுப் போகமாட்டான். நண்பர்கள் இருந்தால் தனியனாக மாட்டான். வயது இருந்தால் மதிலேற மாட்டான். ஆகவே மனைவியும் நண்பர்களும் வயதும் ஒவ்வொன்றாக அகற்றப்படுகின்றன. லஸ்ட்பேடருடைய இடத்தில் வேறு யார் இருந்திருந்தாலும் ஏறத்தாழ இதைத்தான் செய்திருக்க வேண்டியிருக்கும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அவரோடு இருந்த கோபம் அதனால் பெருமளவு தணிந்துவிட்டது. அவரிடம் ஒப்படைக்கப்பட்ட வேலையே அத்தகையது.

எங்கள் பக்கத்திலும் இந்த வழக்கம் இல்லாமலில்லை. கல்கி 1954 டிசம்பரில் காலமானபோது 'அமரதாரா' முடியாமல் நின்றது. அவருடைய குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி அதை எழுதி முடித்தார். பாதியில் நின்ற வீட்டுக்குப் பிள்ளை கூரை போட்டதை யார் குறை சொல்வார்? 'பொன்னியின் செல்வன்' வேறு வகை. அது முடிந்த நூல். முடிந்தும் வாசகர் விடவில்லை; அவர்களுக்கு என்ன ஆயிற்று, இவர்களுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்விகளை எடுத்து முடிவுரையில் கல்கியே பதில் சொல்லவேண்டி வந்தது. பிற்காலத்தில் விக்கிரமனின் 'நந்திபுரத்து நாயகி' போன்றவை அந்த வழியில் தொடர்ந்தன. அதை வாசித்தபோது எனக்கு இந்த வகையான காயம் ஏற்படவில்லை. காரணம் எளிது. வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் பின்னால் வரலாறு என்று ஒன்று இருக்கிறது. கல்கியின் கடைசிப் பக்கத்துக்குப் பிறகும் சோழ நாடு இருந்தது. அங்கே யாரும் யாருடைய கதவையும் உடைத்துக்கொண்டு போகவேண்டியதில்லை.

போர்ன் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் 'இரத்தப் படலம்'. லயன் காமிக்ஸ் வாசித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காக: கடலோரத்தில் குண்டடிபட்டு ஒதுங்கும் ஒருவன், நினைவில்லை, காறை எலும்புக்கருகில் பதின்மூன்று என்ற ரோமன் எண் பச்சை குத்தப்பட்டிருக்கிறது. போர்னின் உறவுக்காரன் என்பது பார்த்த மாத்திரத்திலேயே தெரியும். பெல்ஜியக் கதாசிரியர் வான் ஹாமும் ஓவியர் வில்லியம் வான்ஸும் 1984இல் தொடங்கி 2007இல் பத்தொன்பதாவது பாகத்தோடு முடித்தார்கள். 2011இல் வேறு கதாசிரியரும் வேறு ஓவியரும் இருபதாவது பாகத்திலிருந்து ஆரம்பித்தார்கள். கோடுகள் நேர்த்தியானவை, ஆளின் முகம்கூட ஏறத்தாழ அதேதான். ஆனால் தன் பெயரைக் கண்டுபிடித்து முடித்தவனுக்கு இனி எதைத் தேடிக் கொடுப்பது? அமெரிக்காவுக்கு ஆரம்பகாலத்தில் குடியேறியவர்களின் கப்பல்வரைக்கும் அவனுடைய மூதாதையரைத் தேடிப் போகவேண்டியதாயிற்று. தேடல் முடிந்த கதையில் தேடலைப் புதிதாக உண்டாக்குவது எவ்வளவு சிரமம் என்பது அங்கும் தெரிந்தது. அந்தத் தொடர் மறுபடி வந்தபோது எனக்குள் இருந்த பதினான்கு வயதுப் பையன் ஓடிப்போய் வாங்கினான் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். வாங்குகிறவர்கள் இருக்கும்வரை எழுதுவார்கள். அதில் என் பங்கும் உண்டு.

முடிந்ததற்குப் பிறகு போகாமல் நடுவில் விட்ட இடத்துக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். பிரித்தானிய உளவு நாவலாசிரியர் ஜோன் லு காரே 2020 டிசம்பரில் காலமான பின், அவர் படைத்த உளவு அதிகாரி ஸ்மைலியை வைத்து அவருடைய மகன் நிக் ஹார்க்கவே 2024இல் ஒரு நாவல் எழுதினார். அதை 1963இல், தகப்பனாரின் இரண்டு நூல்களுக்கு இடையிலிருந்த ஓர் இடைவெளியில் கொண்டுபோய் வைத்தார். முதுமையில் ஸ்மைலிக்கு நேர்ந்த எதுவும் அதனால் மாறாது. தகப்பன் கட்டிய சுவரில் கைவைக்காமல் முற்றத்தில் ஒரு மரம் நட்டதுபோன்ற காரியம். இடைவெளி என்றதும் எங்கள் ஊர் ஞாபகம் வருகிறது. 1891இல் வெளிவந்த ஷெர்லக் ஹோம்ஸ் சிறுகதை ஒன்றில், ஹோம்ஸ் திருகோணமலையில் அட்கின்ஸன் சகோதரர்களின் விசித்திரமான துயரச் சம்பவத்தைத் துலக்கியதாக ஒரே ஒரு வரி வருகிறது. அந்த வழக்கைப் பற்றி கொனன் டொயில் அதற்குமேல் எதுவும் எழுதவில்லை. பிரட்றிக் கோட்டைக்குள் நடந்துபோகும்போது, ஹோம்ஸ் எந்தத் திசையால் வந்திருப்பார், எங்கே தங்கியிருப்பார் என்று சின்ன வயதில் நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அதை யாராவது எழுதினால் வாசிப்பேனா? நிச்சயமாக வாசிப்பேன். பிடிக்குமா என்பது வேறு விடயம்.

பிடிக்காவிட்டால் வாசிக்காமல் விடவேண்டியதுதானே, பழைய மூன்றும் அலுமாரியில் அப்படியேதானே இருக்கின்றன என்று என்னுடன் படிப்பிக்கும் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஒருமுறை அறிந்த செய்தியை அறியாததாக்க முடிவதில்லை. இப்போது மூன்றாவது நாவலின் கடைசி அத்தியாயத்தை வாசிக்கும்போது, மரீ சிரிக்கும் இடத்தில், இன்னும் எவ்வளவு காலம் என்று என் மனம் கணக்குப் பார்க்கிறது. லட்லம் எழுதிய ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனாலும் அந்தப் பக்கம் முன்பு இருந்ததுபோல் இல்லை.

மாமாவிடம் நான் இதையெல்லாம் சொல்லவில்லை. லெகசியை அவர் கேட்டபோது, அது லட்லம் எழுதியதில்லை மாமா என்று மட்டும் சொன்னேன். "அப்ப எனக்கு வேண்டாம்" என்றுவிட்டார். ஹொட்டேல் வேலையை விட்டு, உப்புவெளியில் மகள் வீட்டில் இருக்கிறார் இப்போது. கண்ணில் சத்திரசிகிச்சை செய்த பிறகு சிறிய எழுத்து வாசிக்க முடிவதில்லை. போன பொங்கலுக்கு மறுநாள் பார்க்கப் போயிருந்தேன். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி, பழைய பேச்சு ஏதோ போய்க்கொண்டிருக்கையில் திடீரென்று கேட்டார்.

"ஏன் தம்பி, அந்தப் போர்ன்ர மனிசி, அவ பேரென்ன, அவவுக்குப் பிறகு என்ன நடந்தது? நாலாவதிலை வாறாவோ?"

"மரீ. அவ சுகமா இருக்கிறா மாமா. அதே தீவிலைதான். பிள்ளையளும் வளர்ந்திட்டுதுகள்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "மொன்செராட்டிலை எரிமலை வெடிச்சதெல்லோ? தலைநகரையே சாம்பல் மூடிப்போட்டுது எண்டு முந்திப் பேப்பரிலை பார்த்தனான்" என்றார்.

அது உண்மைதான். 1995 யூலையில் அந்த எரிமலை விழித்தது. பிளிமத் என்ற தலைநகரம் கைவிடப்பட்டு, தீவின் தென்பாதி இன்றுவரை ஆட்கள் இருக்க முடியாத இடமாகக் கிடக்கிறது. எனக்கு அது அதுவரை ஞாபகம் வந்திருக்கவில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் இருந்தேன். மாமாவே யோசித்து முடித்தார்.

"வெடிச்சது தெற்குப் பக்கம்தானே. அவை வடக்காலை இருந்திருப்பினம்."